சிவப்புப் பேனாவுக்கு அடியில் 8 மாதம்

டிப்ளமோ படிப்போடு சேர்ந்த 8 மாதப் பயிற்சிக்காக ஒரு டிசைன் அலுவலகத்தில் சேர்ந்தேன். சேர்ந்த இரண்டாவது மாதம் என் முதல் டிராயிங் திரும்பி வந்தது. ஏ3 தாளில் மோட்டாரைத் தாங்கும் ஒரு சின்ன பிராக்கெட், அவ்வளவுதான். எண்ணிப் பார்த்தேன், 31 இடத்தில் சிவப்பு. கிட்டத்தட்ட அதே பிராக்கெட்டைக் கல்லூரியில் வரைந்து 50-க்கு 46 வாங்கியிருந்தேன். போன 4 மதிப்பெண் ஏன் போனது என்று விரிவுரையாளரிடம் போய் நின்றவள் நான். இங்கே யாரிடம் போய் நிற்பது?

சிவப்பில் இருந்தவை பெரும்பாலும் கேள்விகள். "இந்த அளவு ரெண்டு வியூவில் இருக்கு, எதை நம்புவான்?" "எந்த முகத்திலிருந்து அளப்பான்?" "எம் 8 மரை போடணும்னா முதல்ல 6.8 துளை. அதோட ஆழம் எங்கே?" ஒரு போல்ட்டுக்குப் பக்கத்தில் மட்டும் வெறும் கேள்விக்குறி. எனக்குப் புரியவில்லை. அலுவலகத்தில் என் டிராயிங்குகளைச் சரிபார்க்கும் சாரிடம் கொண்டுபோனேன். அவர் எதுவும் சொல்லாமல் மேசை டிராயரை இழுத்து, 13 நம்பர் ரிங் ஸ்பேனர் ஒன்றை எடுத்து என் தாள்மேல் வைத்தார்.

"இதை உள்ளே விடும்மா."

எம் 8, அதாவது 8 மி.மீ. விட்டமுள்ள போல்ட்டின் தலை 13 மி.மீ. போல்ட்டின் மையத்தைச் சுவரிலிருந்து 8 மி.மீ. தள்ளி வைத்திருந்தேன். தலை உட்கார இடம் இருக்கிறது என்று கணக்குப் பார்த்துத்தான் வைத்தேன். போல்ட் உள்ளே போகும், ஸ்பேனர் போகாது. கம்ப்யூட்டர் திரையில் போல்ட் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. பட்டறையில் அதை ஒரு ஆள் திருக வேண்டும், அவர் கைக்கும் இடம் வேண்டும்.

படிப்போடு மேற்பார்வையில் வேலையும் பழகுகிற இந்த ஏற்பாடு பழையது. 1906-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் தொடங்கிவைத்தது. மாணவர்கள் ஒரு வாரம் வகுப்பு, மறுவாரம் தொழிற்சாலை என்று மாறி மாறிப் போனார்கள். இப்போது சில கல்லூரிகளில் ஒரு செமஸ்டர் முழுக்க வகுப்பு, அடுத்தது முழுக்க வேலை. எங்களுக்கு இரண்டும் பக்கம் பக்கமாக ஓடின. வாரத்தில் மூன்று நாள் கல்லூரி, மூன்று நாள் டிசைன் அலுவலகம், மொத்தம் 8 மாதம். செமஸ்டர் முழுக்க வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவுவரை பார்க்கக் கிடைக்கும், அது பெரிய லாபம். ஆனால் செவ்வாய்க்கிழமை பட்டறையில் முளைத்த சந்தேகத்தை வியாழக்கிழமை வகுப்பில் கேட்க முடிவது எங்கள் முறையில்தான். அசதியையும் சேர்த்தே சொல்கிறேன், இன்னொரு முறை வாய்த்தாலும் இதையே எடுப்பேன்.

அந்த அலுவலகத்தை நான் விரும்பி எடுக்கவில்லை. நான் ஆசைப்பட்டது வேறு இடம். கண்ணாடிக் கட்டடம், ஆளுக்கு இரண்டு திரை, புது மென்பொருள். அது என் வகுப்புத் தோழனுக்குக் கிடைத்தது. எனக்குக் கிடைத்ததோ பட்டறையை ஒட்டிய மாடி அறை, பெரிய தாளில் டிராயிங் அச்சிடும் பழைய பிளாட்டர், கூடவே இந்த சார். முதல் மாதம் தோழனைப் பார்த்து வயிறெரிந்தது உண்மை. அவன் 3டி மாடல்களைப் பளபளவென்று செய்து காட்டுவான். மென்பொருளில் அவனுடைய வேகம் இன்றுவரை எனக்கு வரவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 8 மாதத்தில் அவன் வரைந்ததை ஒருவர்கூட உட்கார்ந்து வரிவரியாகப் பார்க்கவில்லை. அவன் செய்த மாடல்கள் யாருக்கோ காட்டுவதற்குப் போயின, செய்வதற்குப் போகவில்லை. தான் செய்தது சரியா தவறா என்பது அவனுக்குத் தெரிய வழியே இல்லை.

அதனால் இப்போது ஜூனியர்கள் யாராவது "எந்தக் கம்பெனி நல்லது அக்கா" என்று கேட்டால், மென்பொருளையும் கட்டடத்தையும் விசாரிக்கச் சொல்வதில்லை. நேர்முகத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறேன்: என் டிராயிங்கை யார் பார்ப்பார்கள்? "எல்லாரும் பார்ப்போம்" என்று பதில் வந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அர்த்தம். ஒரு ஆளின் பெயரைச் சொன்னால் போய்ச் சேரலாம். வேலை நேரம், உதவித்தொகை உண்டா இல்லையா, தேர்வுக்கு எத்தனை நாள் விடுப்பு, இதெல்லாம் சேரும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியவை. அதில் கூச்சம் பார்க்கக் கூடாது.

முதல் நான்கு வாரம் எனக்கு வரையக் கொடுக்கவே இல்லை. பிரிண்ட் எடுப்பது, மடிப்பது, பழைய தாள் டிராயிங்குகளை ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் மறுபடி வரைவது. ஏ0 தாள் 841-க்கு 1189 மி.மீ.; அதை மடித்து மடித்து 210-க்கு 297 ஆக்க வேண்டும், கீழ் வலது மூலையில் டிராயிங்கின் பெயரும் எண்ணும் இருக்கும் டைட்டில் பிளாக் மேலே தெரிய வேண்டும். முதல் நாள் ஆறு தாளைக் கசக்கினேன். இதற்கா டிப்ளமோ படிக்கிறோம் என்று அழுகை வந்தது.

பழைய டிராயிங்கை மறுபடி வரைகிற வேலையை மட்டும் குறைத்துப் பேச மாட்டேன். மூலையில் இருக்கும் ரிவிஷன் பட்டியலை, அதாவது பிறகு செய்த திருத்தங்களின் பட்டியலை, படித்துப் பழகியது அப்போதுதான். "ரிவிஷன் பி: துளை 9-லிருந்து 11." "ரிவிஷன் சி: மூலையில் 5 மி.மீ. சரிவு சேர்க்கப்பட்டது." ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் பட்டறையில் யாரோ திட்டிய ஒரு நாள் இருக்கிறது. ஏன் 11 ஆனது, எதில் இடித்தது என்று சாரைக் கேட்பேன். பாதிக்குப் பதில் சொல்வார், மீதிக்குக் கீழே அனுப்புவார்.

கீழே என்றால் பட்டறை. வாரத்தில் ஒரு காலை நேரம் அங்கேதான் இருக்க வேண்டும் என்பது கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்திலேயே இருந்தது. உங்கள் ஒப்பந்தத்தில் அது இல்லையென்றால் கேட்டுச் சேர்க்கப் பாருங்கள். நான் அங்கே கற்றதில் பாதி, நான் கேட்காமலே கிடைத்தது. தகடு மடிக்கிற அண்ணன் ஒருநாள் 2 மி.மீ. கழிவுத் தகட்டில் 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டி, நடுவில் மடித்து, என் கையில் வெர்னியரைக் கொடுத்தார். இரண்டு பக்கமும் வெளியே அளந்தால் 50-க்கு மேல். "மிச்சம் எங்கேருந்து வந்துச்சு, சொல்லுங்க பாப்போம்" என்று சிரித்தார். மடிப்பில் தகடு மூலையைச் சுற்றி வளைந்து குறுக்கே போகிறது, நாம் மூலைவரை நேராக அளக்கிறோம். வெளி அளவு இரண்டும் சரியாக 50 வேண்டுமானால் 100-க்குக் குறைவாக வெட்ட வேண்டும். வகுப்பில் கே-ஃபேக்டர் என்று ஒரு சூத்திரமாக வந்து போனது, அந்தத் துண்டுத் தகட்டோடு சேர்ந்துதான் எனக்குள் தங்கியது.

டாலரன்ஸ், அதாவது ஓர் அளவு எவ்வளவு கூடலாம் குறையலாம் என்ற வரம்பு. அந்தக் கதை இதைவிட மோசம். என் டிராயிங் ஒன்றில் எல்லா அளவுக்கும் ±0.01 இருந்தது. நான் யோசித்துப் போட்டதல்ல, மென்பொருளில் அப்படி அமைந்திருந்தது, நான் மாற்றவில்லை. லேத் அண்ணன் தாளோடு மாடிப்படி ஏறி வந்தார். "ஏம்மா, இந்த மூடியோட வெளி விட்டத்தை எதுல அளக்கச் சொல்றீங்க?" அந்த மூடி வேறு எதிலும் பொருந்துவதில்லை, சும்மா மூடுகிறது. அதற்குப் பொது டாலரன்ஸுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 2768-இன் நடுத்தர வகுப்பே தாராளம், 50 மி.மீ. அளவுக்கு ±0.3 வரை விடும். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்காக அவர் அரைநாள் போராட வேண்டும், அதுவும் யாருக்கும் தேவையில்லாத அரைநாள்.

அதே வாரம் வகுப்பில் ஃபிட், அதாவது துளையும் தண்டும் எவ்வளவு இறுக்கமாகப் பொருந்தும் என்பதை, நடத்தினார்கள். 20 மி.மீ. துளைக்கு ஹெச்7 என்ற டாலரன்ஸ் குறியீடு என்றால் பூஜ்ஜியத்திலிருந்து +21 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). தண்டுக்கு ஜி6 என்றால் −7 முதல் −20 மைக்ரான். ஆக இடைவெளி மிகக் குறைந்தால் 7, மிக அதிகமானால் 41. அலுவலகத்தில் ஹெச்7, ஜி6 என்று பழைய டிராயிங்கைப் பார்த்து எல்லாரும் எழுதுவோம், ஏன் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. வகுப்பில் கணக்குப் போடுவார்கள், அந்த 7 மைக்ரானை லேத்தில் பிடிக்கப் படும் பாட்டைச் சொல்ல மாட்டார்கள். இரண்டும் ஒரே வாரத்தில் என் தலையில் மோதியது நல்லதாகப் போயிற்று. மதியம் சாரிடம் போய், தண்டுக்கு மட்டும் ஜி6 வைத்துவிட்டு மற்ற அளவுகளைத் தளர்த்திய தாளைக் கொடுத்தேன். சிவப்பு இரண்டே இடத்தில் வந்தது.

இனி அந்த 12 தகடுகள்.

ஆறாவது மாதம். 6 மி.மீ. தகட்டில் நான்கு துளைகள், அடிச்சட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் மரைத் துளைகளோடு பொருந்த வேண்டும். டிராயிங்கை வரைந்து, சரிபார்த்து முடித்தாயிற்று. மாலை நான்கரைக்கு மேல் வாடிக்கையாளரிடமிருந்து செய்தி வந்தது: துளை இடைவெளி 60 அல்ல, 62. மறுநாள் எனக்குத் தேர்வு. துளையை நகர்த்தினால் மற்ற அளவுகளும் கலையும், அதைச் சரிசெய்ய அரைமணி ஆகும். நான் செய்தது இதுதான்: அந்த டைமென்ஷனை, அதாவது அளவைக் காட்டும் எண்ணை, இரட்டைச் சொடுக்கு சொடுக்கி, 60-ஐ அழித்து, 62 என்று தட்டச்சு செய்தேன். பிரிண்டில் அழகாக 62 வந்தது. சார் பார்த்தார், கையெழுத்திட்டார். நான் தேர்வுக்குப் படிக்கப் போய்விட்டேன்.

லேசர் வெட்டும் இயந்திரம் எண்ணைப் படிப்பதில்லை. டிராயிங்கிலிருந்து இயந்திரத்துக்கு அனுப்பும் டிஎக்ஸ்எஃப் கோப்பில் உள்ள கோட்டைத்தான் படிக்கும். கோடு 60-லேயே இருந்தது.

தேர்வு முடிந்து அலுவலகம் போனபோது ஃபிட்டர் அண்ணன் வாசலிலேயே நின்றார். 12 தகடும் வெட்டி வந்துவிட்டது, ஒன்றுகூட உட்காரவில்லை. எம் 8 போல்ட்டுக்குத் துளை 9 மி.மீ. அந்த ஆட்டத்தை முழுக்கப் பயன்படுத்தினால் இரண்டு பக்கமும் சேர்த்து 1 மி.மீ. சமாளிக்கலாம். தப்பு 2 மி.மீ. மீதி 1 மி.மீ.-க்கு அரம்தான் வழி. தகட்டுக்கு ஒரு பக்கத்து இரண்டு துளைகள், மொத்தம் 24 துளைகளை நீள்வட்டமாக்க வேண்டும்.

சாரிடம் போய்ச் சொன்னேன். எப்படி நடந்தது என்பதையும் சேர்த்து. "தெரியாம" என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்திக்கொண்டேன்; தெரிந்துதான் செய்தேன். அவர் திட்டுவார் என்று நின்றேன். "என் கையெழுத்தும் இருக்கில்லம்மா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் பேப்பரைப் பார்த்தேன், கோப்பைத் திறக்கலை. ரிவிஷன் நோட்டை நீயே எழுது. காரணத்தையும் எழுது" என்றார். காரணத்தை எழுதுவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. பிறகு கீழே போய் நானும் ஒரு அரத்தை எடுத்தேன். ஃபிட்டர் அண்ணன் மூன்று துளை முடிக்கும் நேரத்தில் என்னால் ஒன்று. சாயங்காலத்துக்குள் எனக்கு ஆறு தேறியது.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. டைமென்ஷனில் எண்ணைக் கையால் தட்டச்சு செய்யாதீர்கள், எந்த அவசரத்திலும். பழைய கோப்பு கைக்கு வந்தால் டைமென்ஷன்களைத் தேர்ந்து, பிராப்பர்ட்டீஸில் டெக்ஸ்ட் ஓவர்ரைடு என்ற கட்டத்தைப் பாருங்கள். அங்கே ஏதாவது எழுதியிருந்தால் அதை அழித்தால் உண்மையான அளவு தெரிந்துவிடும். வெட்டப் போகும் டிஎக்ஸ்எஃப்-ஐத் தனியாகத் திறந்து முக்கியமான இரண்டு மூன்று அளவையாவது மறுபடி அளந்து பாருங்கள். கோப்பு எந்த அலகில் இருக்கிறது, மில்லிமீட்டரா அங்குலமா என்பதையும். டெலிவரிக்கும் தேர்வுக்கும் ஒரே நாள் வந்தால் அலுவலகத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் சேர்ந்த அன்றே தேர்வு அட்டவணையை சாரிடம் கொடுத்திருந்தால் அந்த மாலை வேலையை வேறு யாராவது எடுத்திருப்பார்கள். சொல்லியிருந்தால் ஒரு நாள் தாமதம். சொல்லாததால் 24 துளைகள்.

அதற்குப் பிறகு சார் டிராயிங் பார்க்கும் முறையை எனக்கும் கற்றுக்கொடுத்தார். சரியான ஒவ்வொரு அளவையும் மஞ்சள் மார்க்கரால் தீட்ட வேண்டும், தவறை மட்டும் சிவப்பில் திருத்த வேண்டும். முடிவில் மஞ்சளும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல் ஏதாவது மிஞ்சியிருந்தால் அது யாரும் பார்க்காதது. அவரிடம் கொடுக்கும் முன்பு நானே ஒரு பிரதியை இப்படி மஞ்சளடிக்க ஆரம்பித்தேன். திரையில் கண்ணுக்குப் படாத தப்பு காகிதத்தில் படும், ஏனென்று கேட்காதீர்கள். வரைந்த உடனே பார்க்காமல் ஒரு இரவு கழித்துப் பார்த்தால் இன்னும் நன்றாகப் படும்.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரியில் கட்டமைப்பு விபத்துகள் பற்றி ஒரு வகுப்பு நடந்தது. 1981 ஜூலை 17, அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஹயாட் ரீஜென்சி ஹோட்டலின் நடைபாலங்கள் விழுந்து 114 பேர் இறந்த சம்பவம். நான்காம் மாடிப் பாலமும் அதன் நேர் கீழே இரண்டாம் மாடிப் பாலமும் கூரையிலிருந்து கம்பிகளில் தொங்கின. முதலில் வரைந்தபடி ஒரே நீளக் கம்பி இரண்டு பாலத்தையும் தாங்க வேண்டும். செய்வதற்கு வசதியாக அதை இரண்டாக உடைத்தார்கள்: கூரையிலிருந்து மேல் பாலத்துக்கு ஒன்று, மேல் பாலத்திலிருந்து கீழ் பாலத்துக்கு இன்னொன்று. ஒரே கயிற்றில் இருவர் தனித்தனியாகப் பிடித்துத் தொங்குவதற்கும், கீழே இருப்பவர் மேலே இருப்பவரின் காலைப் பிடித்துத் தொங்குவதற்கும் உள்ள வித்தியாசம் இது. கயிற்றுக்குப் பாரம் அதேதான். மேலே இருப்பவரின் கைக்கு மட்டும் இரண்டு மடங்கு. அந்தக் கை, இங்கே மேல் பாலத்தின் உத்தரமும் நட்டும் சேரும் இடம். மாற்றம் பட்டறை டிராயிங்கிலேயே இருந்தது, பார்வையிட்டதாகப் பொறியாளரின் முத்திரையும் அதன்மேல் இருந்தது. கணக்கை யாரும் போடவில்லை. வகுப்பில் மற்றவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கையில் அரத்தூள் வாசனை இருப்பது போலவே இருந்தது. என் 12 தகடுகளில் யாரும் சாகவில்லை. முத்திரை விழுந்த விதம் மட்டும் ஒன்றுதான்.

இனி சில்லறை விஷயங்கள். தினக்குறிப்பு நோட்டை அன்றன்றே எழுதுங்கள், மூன்று வரி போதும்: என்ன வரைந்தேன், சிவப்பு எங்கே வந்தது, எது புரியவில்லை. மாதக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து எழுதியவர்களின் நோட்டில் "டிராயிங் வரைந்தேன்" என்று 20 நாளும் இருந்தது. கல்லூரி வழிகாட்டி பார்க்க வரும் நாளை சடங்காக விடாதீர்கள். நான் அவர் முன்னாலேயே சாரிடம், "இதுவரை தகடு வேலைதான் கொடுத்தீங்க, வெல்டிங் டிராயிங் ஒண்ணு பழகணும் சார்" என்று கேட்டேன். தனியாகக் கேட்டிருந்தால் "பாக்கலாம்மா" என்று போயிருக்கும். அடுத்த வாரமே ஒரு ஃபிரேம் வந்தது. வேலை நடக்கும் செமஸ்டரில் கடினமான விருப்பப் பாடத்தை எடுக்க வேண்டாம். நான் எடுத்தேன், தேறினேன், அவ்வளவுதான் சொல்ல முடியும். அப்புறம், அலுவலக டிராயிங்குகளை பென்டிரைவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அவை வாடிக்கையாளருடையவை. வேலை தேடும்போது காட்ட ஏதாவது வேண்டுமென்றால், கற்றதை வைத்துச் சொந்தமாக ஒரு பொருளை அளந்து வரையுங்கள். நான் ஒரு பழைய பெஞ்ச் வைஸைக் கழற்றி, ஒவ்வொரு பாகமாக அளந்து வரைந்து, அசெம்பிளியும் பாகப் பட்டியலுமாகக் கோப்பாக்கினேன். பிறகு போன நேர்முகத்தில் அந்தக் கோப்பைப் பற்றியே முக்கால்மணி நேரம் பேசினோம்.

கடைசி வாரம் புதிதாக ஒரு பையன் பயிற்சிக்கு வந்தான். அவனுடைய முதல் டிராயிங்கை சார் என்னிடம் தள்ளினார், கூடவே பேனாவையும். கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது. மஞ்சள், சிவப்பு என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். 22 இடத்தில் சிவப்பு. ஸ்பேனர் போகுமா என்று பார்த்தேன், போகும். எந்த முகத்திலிருந்து அளப்பான் என்று இரண்டு இடத்தில் எழுதினேன். மஞ்சளும் சிவப்பும் இல்லாமல் எதுவும் மிஞ்சவில்லை. சாரிடம் கொண்டுபோய் வைத்தேன். ஒரு நிமிடம் தாளைப் புரட்டினார். தலையாட்டினார்.

"டிஎக்ஸ்எஃப்-ஐத் திறந்து பாத்தியாம்மா?"

பேசாமல் என் இடத்துக்குத் திரும்பி வந்து கோப்பைத் திறந்தேன்.